கையை ஊனி வரைஞ்சு பாருப்பா

என் மகளின் கையில் ஒரு குறையும் இல்லை. நான் வாங்கி வந்த டேப்லெட்தான் அவளுக்கு ஆகாதது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "உன் கைதாம்மா இன்னும் பழகல" என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள்.

இதுதான் நான் செய்தது. முதலிலேயே சொல்லிவிட்டேன்... இல்லையென்றால் கடைசிவரை சொல்லாமலே எழுதி முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்!

பிள்ளைகளே, எங்கள் பகுதி நூலகத்தில் நீங்கள் படிக்கிற கையெழுத்துப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி நூலகர் அம்மா கேட்டார். "உங்க தெருவுல முதல்ல டேப் வாங்கினது நீங்கதானே... எதைப் பார்த்து வாங்கணும்னு பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க" என்றார். நான் பத்தாவதோடு நின்றவன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். நாலு தாள் எழுதி எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தாளில் இதை எழுதுகிறேன்.

கீழே என் பெயரைப் போடப்போவதில்லை. மகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பவித்ரா என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா... ஒப்புக்கொள்ளும்போதுகூட ஒளிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்கிறேன்!

நாங்கள் மேனாம்பேட்டில் குடியிருக்கிறோம். எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாங்கள் எஸ்டேட் என்று சொல்வோம், அங்கே வேலை. வண்டிகளுக்குப் போகிற சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் எங்கள் கம்பெனியில் செய்கிறார்கள். அவற்றில் போட்ட துளை சரியான அளவில் இருக்கிறதா என்று 'கேஜ்' என்கிற கருவியை நுழைத்துப் பார்ப்பது என் வேலை. சரியாக இருந்தால் பச்சைத் தட்டு. இல்லையென்றால் சிவப்புத் தட்டு. இருபது வருஷமாக இதுதான்.

எங்கள் மேசையில் ஒரு பழக்கம் உண்டு. வரிசையாக நாலு சாமான் தப்பாக வந்தால் உடனே மிஷின் ஓட்டுகிற ஆளைக் கூப்பிட்டுத் திட்டக் கூடாது. முதலில் கேஜைச் சோதிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு மாஸ்டர் துண்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் இருக்கும். துளையின் அளவு அதில் மிகச் சரியாக இருக்கும். அதில் நுழைத்துப் பார்த்தால் கேஜ் தேய்ந்துவிட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். கருவி சரி என்று தெரிந்த பிறகுதான் ஆளிடம் போக வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான்... நானேதான்!

பவித்ரா நன்றாகப் படம் போடுவாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தண்ணி லாரிக்கு அடியில் தூங்குகிற நாய், கொரட்டூர் ஸ்டேஷன் படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆள், வெங்காயம் உரித்துக்கொண்டே டிவி பார்க்கிற அவள் அம்மா... எல்லாம் பென்சிலில். உள்ளங்கையை நோட்டில் நன்றாக ஊன்றிக்கொள்வாள். நாக்கு நுனி லேசாக வெளியே தெரியும். கோடு ஒரே இழுப்பில் வரும். அழிரப்பர் அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

என் மனைவி ஜோதி அப்போது கொரட்டூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். சின்னப் பிள்ளைகளுக்குப் படப்பாடங்கள் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். ஒருநாள் அம்மாவோடு போன பவித்ராவின் நோட்டை அவர் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஏ புள்ள, இதை எல்லாம் நீயா போட்டே? இதையே டேப்ல வரைஞ்சு பத்துப் படம் குடு. பிளஸ் டூ முடிச்சதும் எங்க ஆபீஸ்ல பயிற்சிக்குச் சேக்கச் சொல்லிப் பாக்கேன். எங்க சார் மார்க்கப் பாக்க மாட்டாரு. படத்த மட்டுந்தான் பாப்பாரு."

அன்றைக்கு என் மகள் வீட்டுக்கு வந்தது நடையா, ஓட்டமா! எப்படிப்பட்ட டேப் வாங்க வேண்டும் என்று அக்காவிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம நானும் வர்றேம்பா. சனிக்கெழம எனக்கு பிராக்டிகல் கீது."

"நீ படி. நான் பாத்துக்கறேன்."

"அப்போ கடைல இத்த பிரிச்சிப் பாருப்பா. மறந்துடாத."

ஒரே ஒரு நாள்... ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்! ஆனால் எனக்கு ஓர் ஆசை. பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நான் நடந்துவர வேண்டும், அவள் வாசலில் நின்று பார்க்க வேண்டும். பணம் இருந்தது. பணம் இல்லாததால் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

துணைக்கு டில்லிபாபுவைக் கூட்டிப் போனேன். என்னோடு வேலை செய்பவன். போன் விஷயம் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொள்கிறவன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏசிக் குளிர், சுவர் முழுக்க டிவி. சீருடை போட்ட ஒரு பெண் வந்து மரியாதையாகத்தான் கேட்டது.

"வாங்க சார். டேப்பா? எதுக்கு யூஸ் பண்ணப் போறீங்க சார்?"

பிள்ளைகளே, அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. எதற்கு? எந்த வேலைக்கு? யார் கைக்கு? ஒரு டேப்பை வாங்குமுன் கேட்க வேண்டியது இதைத்தான். அந்தப் பெண் கேட்டது. பதில் என் சட்டைப் பையில் இருந்தது!

என் கை பைக்குப் போனது. தாளின் மடிப்பு விரலில் பட்டது...

பக்கத்து மேசையில் இன்னொருவர். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. எத்தனை ஜி.பி., என்ன பிராசஸர், இன்னும் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் இங்கிலீஷ். கடைக்காரர் அதே வேகத்தில் அவருக்குப் பதில் சொன்னார். அந்த அக்கா சொல்லி என் மகள் எழுதிய தாளிலும் இந்த வார்த்தைகள்தானே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பிரித்தால் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். டில்லி பார்ப்பான். அந்தப் பெண் பார்க்கும். படிக்கத் தெரியாதவன் பெரிய கடைக்கு வந்திருக்கிறான் என்று...

தாளை அப்படியே நீட்டியிருந்தால் போதும்! நீட்டவும் இல்லை. கையை வெளியே எடுத்துவிட்டேன்.

"எல்லாத்துக்கும்தாம்மா" என்றேன்.

"படிப்புக்கா சார், இல்ல டிராயிங் மாதிரியா? டிராயிங்னா வேற மாடல் சார். அதுக்குன்னே பேனாவோட வரும்."

டில்லி முந்திக்கொண்டான். "டிராயிங்கா? பொம்ம போடறதுக்கா மாமே இத்தினி பெரிய கடைக்கு வந்துகீறோம்?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என் மகள் வரைவதைப் பொம்மை என்று சொல்லி ஒருவன் சிரித்தபோது, நான் சேர்ந்து சிரித்தேன்!

"படிப்புக்குத்தாம்மா" என்றேன்.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. ஒரு டேப்பில் பஞ்சவர்ணக் கிளி பறந்துகொண்டிருந்தது.

"இன்னா கலரு மாமே! கிளி மூக்கு வெளிய வந்து குத்திடும்போல கீது. சவுண்ட கேளு... நாலு ஸ்பீக்கராம்! மேட்ச் பாத்தினா கிரவுண்டுல குந்திகினு பாக்கற மாரி இருக்கும்."

"பேனா உண்டாம்மா?" என்று மட்டும் கேட்டேன். மனசாட்சிக்கு ஒரு கேள்வி.

"ஃப்ரீயா ஒண்ணு தர்றோம் சார்."

முனையில் கறுப்பு ரப்பர் வைத்த ஒரு குச்சி. பேனா என்று ஒன்று இருக்கிறதல்லவா... போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

தெருமுனையிலிருந்து நடந்து வந்தேன். அவள் வாசலில் நின்றாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது... முழுசாக ஐந்து நிமிஷம்.

பெட்டியைப் பிரித்தாள். பேனாவை எடுத்தாள். ரப்பர் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அது அமுங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா... அந்தத் தாள காட்டினியா?"

"காட்டாம? அத்தப் பாத்துட்டுத்தான் அந்தப் பொண்ணு இத்த எடுத்துக் குடுத்துச்சி. நீ கேட்டதவிட இது ஒசத்தியாம்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது.

அவள் முகம் தெளிந்தது. "அப்போ சரிப்பா" என்றாள்.

கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா! அப்பா தாளைக் காட்டித்தான் வாங்கினார். அப்படியானால் டேப் சரியானதுதான். டேப் சரி என்றால், தப்பு வேறெங்கோ இருக்க வேண்டும்... அவள் அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால், அங்கே ஒரு கறை மாதிரி கோடு விழுந்தது. அந்த ரப்பர்க் குச்சிக்கும் உள்ளங்கைக்கும் அந்த டேப்புக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் விரல் பட்ட மாதிரிதான் அதற்கு. அழுத்தினாலும் அதே தடிமன், மெல்ல வைத்தாலும் அதே தடிமன். வேகமாக இழுத்தால் அவள் கை முன்னால் போகும், கோடு பின்னால் வரும்.

அதனால் கையைத் தூக்கி வரையப் பழகினாள். மணிக்கட்டு அந்தரத்தில் நிற்க வேண்டும். பத்து நிமிஷத்தில் நடுக்கம் வந்துவிடும். கோடும் நடுங்கும். ஜோதி தைலம் தேய்த்துவிடுவாள். மறுபடி உட்காருவாள்.

ஐந்தாம் நாளோ என்னவோ என்னிடம் வந்தாள்.

"அப்பா, கை பட்டாலே கோடு வுழுதுப்பா. இது இப்டித்தானா?"

"சைக்கிள் வுட்டப்போ வுழல? பழகப் பழக வரும். கருவி மேல பழி போடாத. உன் கைதாம்மா இன்னும் பழகல."

அதே வாரம் எங்கள் மேசையில் வரிசையாக நாலு சாமான் சிவப்புத் தட்டுக்குப் போனது. மிஷின்காரரை நான் கூப்பிடவில்லை. கேஜை எடுத்து மாஸ்டர் துண்டில் போட்டுப் பார்த்தேன். கேஜ்தான் தேய்ந்திருந்தது. அந்த மிஷின்காரரிடம் நானே போய், "உன் மேல தப்பு இல்லபா, என் கேஜ்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

எவனோ ஒரு மிஷின்காரனுக்கு அந்த வார்த்தை கிடைத்தது... என் மகளுக்குக் கிடைக்கவில்லையே!

டேப் வாங்கி ஏழாம் நாள். துணி ஊறப்போடுமுன் ஜோதி என் சட்டைப் பையைத் துழாவினாள். "இன்னாயா இது? நல்லவேள, தண்ணில போட்டிருப்பேன்" என்று அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. நான் மாடிக்கு எடுத்துப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பிரித்தேன்.

தமிழ்.

முழுவதும் தமிழில் எழுதியிருந்தாள்! ஓர் இங்கிலீஷ் எழுத்துக்கூட இல்லை. அக்கா சொன்னதை எல்லாம் எனக்காகத் தமிழாக்கி, பெரிய பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு... நான் கடையில் நின்று படிப்பேன், தடுமாறக் கூடாது என்று.

நூலகர் அம்மா என்னிடம் கேட்ட கட்டுரை இதுதான். நான் எழுதவில்லை. என் மகள் எழுதியது. ஓர் எழுத்து மாற்றாமல் உங்களுக்குத் தருகிறேன்.

'அப்பா, படம் வரையறதுக்குன்னு முதல்லயே சொல்லிடு.

பேனா அந்த டேப்புக்குன்னே செஞ்சதா இருக்கணும். ரப்பர் வெச்ச பேனா வேணாம்.

திரை என் நோட்டு அளவுக்கு இருந்தா போதும். ரொம்பப் பெருசுன்னா கைல வெச்சுக்க முடியாது.

பேனாவ அழுத்தினா கோடு தடியா வரணும், லேசா வெச்சா மெலிசா வரணும். வேகமா இழுத்துப் பாரு. கோடு கூடவே வரணும்.

சிம் வேணாம். ஸ்பீக்கர், கேமரா சுமாரா இருந்தாலும் பரவால்ல. பழைய மாடல்னாலும் பரவால்ல. வேற யாராவது வெச்சிருந்த டேப்னாலும் பரவால்ல.

வாங்கறதுக்கு முன்னாடி கையை ஊனி வரைஞ்சு பாருப்பா. கை பட்ட எடத்துல கோடு வுழக் கூடாது. இது ஒண்ணு பாத்தா போதும், மத்தது எல்லாம் சரியா இருக்கும்.'

அதன் கீழே ஒரு படம். ஒரு டேப். அதன்மேல் பேனா பிடித்து ஊன்றிய ஒரு கை. எப்படி ஊன்ற வேண்டும் என்று எனக்குக் காட்டியிருக்கிறாள். கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது... பல வருஷத்துக்கு முன் கம்பெனி பிரஸ் மிஷினில் நசுங்கிய நகம். அவள் வரைந்திருந்தது அவளுடைய கையை இல்லை. என் கையை!

கடையில் அந்தத் தாள் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருந்ததே...

இங்கேயே நான் நின்றிருந்தால், முட்டாள் அப்பா என்று நீங்கள் என்னை மன்னித்திருப்பீர்கள். நில்லுங்கள், இன்னும் இருக்கிறது.

பில்லில் ஒரு வரி இருந்தது. பெட்டியோடு பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும். இன்னும் மூன்று நாள் பாக்கி! அந்தப் பெண்ணிடம் போய், "டிராயிங்குக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பவித்ரா கேட்பாள். "ஏம்ப்பா மாத்தணும்?" என்பாள். "நான் தாளைப் பிரிக்கவே இல்லம்மா" என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள், ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், டேப் இல்லாமல் வெறும் கையோடு கடை வாசல்வரை போய் நின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம். வீட்டில்தான் இருந்தேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஏழு மணி, எட்டு மணி... கடை மூடுகிற நேரம் ஆயிற்று. ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதை எப்படிச் சொல்வது... ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது!

எப்படிப்பட்டவன் நான்?

ஒரு மாதம் கழித்துப் பத்துப் படம் அனுப்பினாள். அக்கா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பவி, நான் சொன்ன மாதிரி டேப்தானே வாங்குனீங்க?"

"ஆமாக்கா. அப்பா தாளக் காட்டித்தான் வாங்கினாரு."



"நோட்டுல இருந்த கை இதுல இல்லையேம்மா... கோடு ஆடுதுன்னு சார் சொல்லுதாரு. இன்னும் நல்லா பழகு. அடுத்த வருஷம் பாப்போம், என்ன?"

கை எட்டுகிற தூரத்தில் போன் இருந்தது. நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த வருஷத்துக்குள் அந்த அக்கா பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்.

அன்று போனை வைத்ததும் பவித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "நோட்டுல சும்மா போடறது வேறப்பா, நெசமா வரையறது வேற. எனக்கு வரல. நீ அவ்ளோ பாத்து பாத்து வாங்கினு வந்த... சாரிப்பா" என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல வுடும்மா" என்றேன்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவள் இப்போது ஆவடியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். நோட்டிலும் வரைவதில்லை. பழைய நோட்டுகளை ஒருநாள் எடைக்குப் போட்டுவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். அந்தத் தாள் ஒன்றுதான் மிச்சம். எஸ்டேட்டில் என் டப்பாவில், மாஸ்டர் துண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போதாவது சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் அந்த மூன்று வருஷம் அவளுக்குத் திரும்பி வருமா, அப்பா என்று ஒருவன் மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடுமே... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதுவும் பொய்தான். பயம். வேறொன்றும் இல்லை. கடையில் எந்தப் பயமோ, அதே பயம்.

டேப் இப்போது என்னிடம்தான். சாயங்காலம் மேட்ச் பார்க்கிறேன். டில்லி சொன்னது நிஜம். சத்தம் நன்றாக இருக்கிறது.

போன வாரம், ரேஷன் கார்டில் ஏதோ திருத்தம் என்று ஜோதி ஒரு படிவம் வாங்கி வந்தாள். பவித்ரா தரையில் உட்கார்ந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தாள். பந்துமுனைப் பேனா, சாதாரணத் தாள். நான் மேட்ச்சிலிருந்து நிமிர்ந்தேன். அவள் உள்ளங்கை தாளில் படவில்லை. மணிக்கட்டை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்து ஆடிக்கொண்டே போனது.

"கையை ஊனித்தான் எழுதேன்டி. கிறுக்கலா போவுது பாரு" என்றாள் ஜோதி.

"வரலம்மா" என்றாள் பவித்ரா, நிமிராமலே. "இப்டியே பழகிடுச்சி."

நான் டேப்பின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.